தரநிலைப்படி எழுதிய கட்டுப்பாட்டு மென்பொருள் இருந்தால், இரண்டு நிறுவனங்களின் ஒளியிழைக் கருவிகள் சிக்கலின்றிப் பேசிக்கொள்ளுமா?

பேசிக்கொள்ளும். 'சிக்கலின்றி' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. ஒரு நிறுவனத்தின் கருவிகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு நிறுவனம் குறைந்த விலையோடு வந்து நிற்கிறது. மேலதிகாரியின் மேசையில் ஓர் இணக்க அட்டவணை. இடப்பக்கம் தரநிலை எண்கள், வலப்பக்கம் வரிக்கு வரி 'முழுமையாக இணங்குகிறது'. அதை நம்பலாமா என்பதுதானே நீங்கள் கேட்க வந்தது? அப்படி ஓர் அட்டவணையை நிரப்பியவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓர் அலைநீளத்தை, அதாவது தரவைச் சுமக்கும் ஒரு நிற ஒளியை, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கொண்டுபோக, வழியில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் ஆள் உட்கார்ந்து கட்டளை அடித்த காலம் ஒன்று இருந்தது. கருவிகளே தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று வந்ததுதான் கட்டுப்பாட்டுத் தளம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிலைப் பிரிவான ஐடியூ-டி 2001-ல் அதற்கான ஜி.8080 பரிந்துரையைத் தந்தது. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2004-ல் ஆர்எஃப்சி 3945 என்ற ஆவணத்தின் மூலம், கருவிகள் இப்படிப் பேசுவதற்கான ஜிஎம்பிஎல்எஸ் கட்டமைப்பை வெளியிட்டது. முதல் கருவி 'பாத்' என்ற செய்தியை அனுப்பும், கடைசிக் கருவி 'ரெஸ்வ்' என்று பதில் அனுப்பும், எந்த அலைநீளம் என்பதை உள்ளே இருக்கும் லேபிள் என்ற எண் சொல்லும். இதில் வேடிக்கை, எந்த அலைநீளத்தை எந்த எண்ணால் குறிப்பது என்ற பொது உடன்பாடு 2011-ல் ஆர்எஃப்சி 6205 வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவரை அது பக்கத்துப் பக்கத்துக் கருவிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எண். ஒருவருடைய 1 இன்னொருவருக்கு 96 ஆக இருக்கலாம்.

புதிய வடிவத்தில் லேபிளின் 32 பிட்டுகளில் கடைசி 16 பிட்டுகள் 'என்' (n) என்ற எண்ணுக்கு. ஒளியின் அதிர்வெண்ணில் 193.1 டெராஹெர்ட்ஸை மையப் புள்ளியாக வைத்து, அங்கிருந்து எத்தனை படி மேலே, எத்தனை படி கீழே என்று எண்ண வேண்டும். 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு படி என்றால் 0.05 டெராஹெர்ட்ஸ். கீழே போனால் எண் எதிர்மறை. ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. நானும் படித்தேன், படித்துவிட்டுத்தான் நிரல் எழுதினேன்.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு இணைப்புச் சோதனை. அவர்கள் பக்கத்திலிருந்து வந்த முதல் பாத் செய்தியையே எங்கள் கருவி திருப்பி அனுப்பிவிட்டது. காரணம்: 'ஏற்க முடியாத லேபிள் மதிப்பு'. இரவு நேரத் தொலைபேசிக் கூட்டங்கள் தொடங்கின. அவர்கள் ஆவணத்தின் பத்தியை வாசிப்பார்கள். நானும் அதே பத்தியை, சற்று உரத்த குரலில், வாசிப்பேன். ஒன்பது நாட்கள் இப்படியே போயின. பிழை அவர்களுடையது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. எங்கள் கருவிகள் தங்களுக்குள் ஆயிரக்கணக்கான முறை இணைப்பு ஏற்படுத்தியிருந்தன, ஒருமுறைகூட இந்தப் பிழை வந்ததில்லை.

பத்தாம் நாள், சோதனைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், செய்திப் பதிவைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சார், 193.1-க்குக் கீழே நாம் எப்போதாவது ஓட்டிப் பார்த்திருக்கிறோமா?"

திரையில், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், லேபிளின் கடைசி நான்கு எழுத்துகள் எஃப்எஃப்டிடி (FFDD). கூட்டல்-கழித்தல் குறியோடு படித்தால் அது −35, அதாவது 191.35 டெராஹெர்ட்ஸ், 96 அலைநீள அமைப்பின் அடிமட்டப் படி. குறியில்லாமல் படித்தால் 65501. என் நிரல் குறியில்லாமல் படித்தது. அதன் கணக்குப்படி அவர்கள் கேட்டது 3468.15 டெராஹெர்ட்ஸ், ஏறத்தாழ 86 நானோமீட்டர். கண்ணாடி இழைக்குள் அந்த ஒளி நுழைந்த இடத்திலேயே மடிந்துபோகும். ஏற்க முடியாது என்று கருவி சொன்னதில் தவறே இல்லை, பாவம்.

ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? எங்கள் மென்பொருள் காலியிடத்தை மேலிருந்து தேடும். 196.1 டெராஹெர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கும். எதிர்மறை எண்ணைத் தொட அறுபதுக்கு மேல் அலைநீளங்கள் நிரம்ப வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இருந்த, ஆளுக்கு ஓர் அலைநீளத்தை அனுப்பிப் பெறும் டிரான்ஸ்பாண்டர் அட்டைகள் மொத்தம் பன்னிரண்டு. அவர்கள் மென்பொருளோ கீழிருந்து தேடுகிறது. மேலிருந்தா கீழிருந்தா என்று எந்தத் தரநிலையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆக 96-ல் 35 அலைநீளங்களுக்கு எங்கள் கருவி ஊமை. அட்டவணையிலோ என் கையெழுத்தில் 'முழுமையாக இணங்குகிறது'. எழுதியபோது நான் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்கு இன்னும் உறுத்துவது.

நிரலில் மாற்றியது ஒரு சொல். அன்றிரவுக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டேன். எதிர்முனையில் சிறிது மௌனம், பிறகு, "எங்களிடமும் ஒன்று இருக்கிறது, நாளை சொல்கிறோம்" என்றார்கள். அது வேறு கதை.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. இணைப்புச் சோதனை வெற்றி என்று ஒரு கண்காட்சியில் அரங்கு போட்டார்கள். நடுவில் மேலாளர்கள் வரிசையாக நின்ற புகைப்படம் நிறுவனத்தின் செய்திமடலில் வந்தது. அந்தப் பெண் அந்த நேரத்தில் அரங்கின் பின்புறம் தரையில் உட்கார்ந்து இழை முனைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தியில் அவர் பெயர் இல்லை, என் பெயர் இருந்தது. ஆண்டு மதிப்பீட்டில் அவர் கண்டுபிடித்ததை 'சிறு திருத்தம், ஒரு வரி' என்று பதிந்திருந்தார்கள். நான் எதிர்த்துக் கடிதம் எழுதியதாகச் சொல்ல ஆசைதான். எழுதவில்லை.

இனி பின்னூட்டத்தில் வருவார்கள், தெரியும். "ஜிஎம்பிஎல்எஸ் பழங்கதை, இப்போது நெட்கான்ஃப், யாங், ஓப்பன் ரோடம் எல்லாம் வந்துவிட்டன." கருவிகளை அமைக்கும் புதிய வழிகள் அவை, ஒப்புக்கொள்கிறேன். கருவியின் அமைப்பை விவரிக்கும் யாங் மொழியின் மாதிரியில் ஓர் எண் குறியுள்ளதா இல்லையா என்பது அதன் வகையிலேயே எழுதப்பட்டிருக்கும், என் பிழை அங்கே அவ்வளவு எளிதில் பிறக்காது. ஆனால் அதே யாங் மொழியில் 'டீவியேஷன்' என்று ஒரு சொல் உண்டு. மாதிரியின் எந்தப் பகுதியிலிருந்து தன் கருவி விலகுகிறது என்பதை அறிவிப்பதற்கென்றே வைத்த சொல். விலகல் வரும் என்று தெரிந்தே மொழியை வகுத்திருக்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, நேர்மை என்றே நினைக்கிறேன். நான் நிரப்பிய அட்டவணையில் அப்படி ஒரு கட்டம் இருக்கவில்லை. தரநிலைகளே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆர்எஃப்சி 6205 இல்லாவிட்டால் ஒன்பது நாள் சண்டை போடுவதற்குப் பொதுவான ஒரு பத்திகூட எங்களுக்கு இருந்திருக்காது.

இன்னொன்று. செய்திகள் சரியாகப் போய்வந்து இணைப்பு உருவாகிவிட்டது என்று திரை பச்சை காட்டும். இரண்டு முனைகளிலும் உள்ள டிரான்ஸ்பாண்டர்களின் பிழைதிருத்தக் குறிமுறை வேறுவேறாக இருந்தால் ஒரு பிட்கூட உருப்படியாகப் போகாது. நெடுந்தூர இணைப்புகளில் பல நிறுவனங்கள் தங்கள் சொந்தக் குறிமுறையையே வைத்திருக்கின்றன. கட்டுப்பாட்டு மென்பொருள் அதைச் சரிசெய்துவிடும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டவணையை ஓரமாக வையுங்கள். இரு நிறுவனங்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, உங்கள் கண் முன்னே நான்கு அலைநீளங்களை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள்: மேல் ஓரத்தில் ஒன்று, கீழ் ஓரத்தில் ஒன்று, 193.1-ல் ஒன்று, அதற்கு ஒரு படி கீழே ஒன்று. பிறகு இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டுப்பாட்டு மென்பொருளை மட்டும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். ஒளி அணையக் கூடாது. அரை நாள் வேலை. அரை நாள் ஒதுக்க முடியாது என்று யார் முதலில் சொல்கிறார்களோ, அவர்களுடைய அட்டவணையை இன்னொரு முறை படியுங்கள்.