ஞானஸ்நானமும் திருவிருந்தும் இருக்கும்போது 'ஆயத்தமாயிரு' என்று ஏன் எச்சரிக்கிறார்கள்?

ஞானஸ்நானம் எடுத்தாயிற்று, திருவிருந்தில் பங்குபெறுகிறேன், ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை, கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு இன்னும் என்ன ஆயத்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிப்படுத்தின விசேஷம் 3:1-6, சர்தை சபைக்கு வந்த கடிதம், உங்கள் கேள்விக்கு நேரான பதில்.

சர்தை இன்றைய துருக்கியின் மனிசா மாகாணத்தில் இருந்த பழைய நகரம். மலைமேல் கோட்டை. செங்குத்தான பக்கத்தில் எவனும் ஏற மாட்டான் என்று அங்கே காவலே வைக்கவில்லை. கி.மு. 546 வாக்கில் பெர்சிய ராஜா கோரேசு முற்றுகையிட்டபோது, கோட்டை வீரன் ஒருவனின் தலைக்கவசம் அந்தப் பக்கம் உருண்டு விழுந்தது, அவன் இறங்கி எடுத்துக்கொண்டு ஏறிப்போனான் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கீழே கோரேசின் வீரன் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அதே தடத்தில் ஏறினார்கள், கோட்டை போயிற்று. முந்நூறு ஆண்டுக்குமேல் கழித்து செலூக்கிய ராஜா மூன்றாம் அந்தியோகஸின் படையும் காவலில்லாத மதில் வழியாகவே நகருக்குள் நுழைந்தது. ஓரிடத்தில் கழுகுகள் பயமின்றி உட்கார்ந்திருந்ததை வைத்தே அங்கே ஆளில்லை என்று கண்டுகொண்டார்கள். "நீ விழித்திராவிட்டால், திருடனைப்போல் உன்மேல் வருவேன்" என்று அந்தக் கடிதத்தில் இயேசு சொன்னதை அந்த ஊர்க்காரர்கள் சும்மா கேட்டிருக்க முடியாது.

இதே புத்தகத்தில் கடிதம் பெற்ற மற்றச் சபைகளைப் பாருங்கள். சிமிர்னா சபைக்குச் சிறை காத்திருந்தது. பெர்கமுவில் நிக்கொலாய் மதஸ்தர், தியத்தீராவில் யேசபேல் என்று கள்ளப்போதகம் செய்தவர்கள் இருந்தார்கள். சர்தைக்கு எழுதியதில் உபத்திரவமும் இல்லை, கள்ளப்போதகமும் இல்லை. "உயிருள்ளவனென்று பெயர்" மட்டும் இருந்தது, ஆனால் செத்தவனாயிருக்கிறாய் என்கிறார் ஆண்டவர். பொய்யான நிம்மதி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: பெரிய பாவத்தில் விழுந்து அல்ல, நல்ல பெயரில் சாய்ந்து.

ஆண்டவர் சொன்ன மருந்து ஐந்து கட்டளைகள்: விழித்துக்கொள், ஸ்திரப்படுத்து, நினைவுகூர், கைக்கொள், மனந்திரும்பு. பலர் சறுக்குவது இரண்டாவதில். பயம் வந்ததும் நாற்பது நாள் உபவாசம், முழு இரவு ஜெபம் என்று புதிதாகத் தொடங்கி, மூன்றாம் வாரம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். "சாகிறதற்கேதுவாயிருக்கிறவைகளை" என்றுதான் வசனம் சொல்கிறது, அதாவது இன்னும் கொஞ்சம் உயிரோடிருப்பதை. முன்பு தினமும் இருந்து இப்போது சனிக்கிழமைக்குச் சுருங்கிவிட்ட குடும்ப ஜெபத்தை முதலில் எடுங்கள், பத்து நிமிடம் போதும். பேச்சுவார்த்தை நின்றுபோன சகோதரன் இருந்தால், மத்தேயு 5:24 சொல்கிறபடி காணிக்கைக்கு முன்னே அவரிடம் போங்கள். வருகையின் தேதியைக் கணக்கிடுவதில் ஒரு மணி நேரம்கூடச் செலவிடாதீர்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்.

இன்னொரு பக்கமும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு பிரசங்கத்துக்குப் பிறகும் "நான் இரட்சிக்கப்படவே இல்லையோ" என்று நடுங்குவது விழிப்பு அல்ல. நித்தியஜீவன் உண்டென்று அறியும்படிக்கே எழுதினேன் என்கிறது 1 யோவான் 5:13. உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்டால் கிறிஸ்து செய்ததைச் சொல்கிறீர்களா, ஞானஸ்நானச் சான்றிதழின் தேதியையா? தேதி மட்டும்தான் வாயில் வருகிறது என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

சர்தையிலும் வஸ்திரங்களை அசுசிப்படுத்தாத "சிலபேர்" இருந்தார்கள். உங்கள் சபையிலும் இருப்பார்கள், அநேகமாக மேடையில் அல்ல. அப்படி ஒருவரைத் தேடி, வாரம் ஒருமுறை உங்களிடம் நேராகக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.