அயனி கண்டறியும் செய்முறை: உப்புக்கு முன்னால் தண்ணீரைச் சோதியுங்கள்

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். உப்பில் உள்ள அயனிகளைக் கண்டறியும் முதல் செய்முறை வகுப்பு வருகிறது. 40 பிள்ளைகள், அடுத்தடுத்து 2 பீரியட். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: என் முதல் வருஷக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதித் திட்டம் அதிலேயே வந்துவிடும்.

மெக்னீசியம் சல்பேட் கொடுத்திருந்த ஒரு பெண் வந்து, "சார், சல்பேட்டும் வருது, குளோரைடும் வருது, எதை எழுத?" என்றாள். டெஸ்ட் டியூபை ஒழுங்காகக் கழுவவில்லை போல என்று நினைத்து, "நல்லாக் கழுவிட்டு மறுபடி போடும்மா" என்று அனுப்பினேன். கழுவிவிட்டுத்தான் வந்தாள், அதே போர் தண்ணீரில். மறுபடியும் வெள்ளையாகக் கலங்கியது. அன்று குளோரைடு உப்பு கொடுத்தது மூன்று பேருக்கு. குளோரைடு என்று எழுதியது ஏறக்குறைய வகுப்பு முழுவதும்.

போர் தண்ணீரில் குளோரைடு இருக்கும். குளோரைடு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும் சில்வர் நைட்ரேட்டுக்கு அது தாராளம். பல ஊர்த் தண்ணீரில் சல்பேட்டும் இருப்பதால், சல்பேட்டைக் காட்டும் பேரியம் குளோரைடும் ஏமாற்றும். கேன் தண்ணீர் சுத்தம்தானே என்று நம்பாதீர்கள், அதுவும் லேசாகக் கலங்கலாம். வாலை வடிநீர் கிடைக்காவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்குங்கள். எதுவானாலும் முந்தின நாளே ஒரு டியூபில் வெறும் தண்ணீர், இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். தெளிவாகவே இருந்தால் சரி. உப்பைக் கரைக்கவும் டியூபைக் கடைசியாக அலசவும் அந்தத் தண்ணீர்தான். இதே வெற்றுச் சோதனையை வகுப்பு தொடங்கியதும் பிள்ளைகளையும் செய்யச் சொல்லுங்கள், 5 நிமிஷம்தான் ஆகும்.

அடுத்து பாட்டில்கள். குளோரைடு பார்க்க நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டிய இடத்தில், கைக்கு எட்டிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டுவிடுவார்கள். பிறகு எந்த உப்பும் குளோரைடுதான்! அதனால் நான் பாட்டில்களை ஜோடி ஜோடியாக வைப்பேன். சில்வர் நைட்ரேட்டும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் ஒரு தட்டில். பேரியம் குளோரைடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மேசையின் மறுகோடியில் இன்னொரு தட்டில்.

முதல் வகுப்பிலேயே சோடியம் கார்பனேட் சாறு வேண்டாம். உப்பைச் சோடியம் கார்பனேட்டோடு கொதிக்க வைத்து வடிகட்டுவதற்குள் ஒரு பீரியட் போய்விடும். நீரில் கரையும் உப்புகளாகக் கொடுத்தால் கரைசலையே நேராகச் சோதிக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரிக்கும் கிப் உபகரணத்தையும் அதன் அழுகிய முட்டை நாற்றத்தையும் தள்ளிப்போடுங்கள்.

காப்பர் சல்பேட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். நீல நிறத்தைப் பார்த்ததுமே ரெக்கார்டிலிருந்து மொத்தத்தையும் எழுதிவிடுவார்கள். வெள்ளை உப்புகள்தான் வேலை வாங்கும். மெக்னீசியம் சல்பேட், துத்தநாக சல்பேட், அலுமினியம் சல்பேட் மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் மூன்றிலும் வெள்ளை வீழ்படிவு (கரையாமல் பிரிந்து நிற்கும் திடப்பொருள்). அதிகமாக விட்டால் மெக்னீசியம் மட்டும் அப்படியே நிற்கும், மற்ற இரண்டும் கரைந்துவிடும். அந்த இரண்டைப் பிரிக்க இன்னொரு டியூபில் அம்மோனியாக் கரைசல்: அதிகமாக விட்டதும் துத்தநாகம் கரையும், அலுமினியம் கரையாது. கூடவே அம்மோனியம் குளோரைடையும் கால்சியம் கார்பனேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்பனேட் நீரில் கரையாதுதான். ஆனால் அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்கும்போது வகுப்பே கலகலப்பாகிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடை எடுத்த எடுப்பில் கால் டியூப் ஊற்றும் பையன் ஒருவனாவது இருப்பான். வீழ்படிவு வந்ததும் தெரியாது, கரைந்ததும் தெரியாது. "மாற்றம் இல்லை" என்று எழுதி வைப்பான். சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் ஆட்டிப் பார்ப்பதை நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள்.

சில்வர் நைட்ரேட் விலை அதிகம், ஆனால் இந்த வகுப்புக்கு அதிகம் தேவையில்லை. 1.7 கிராமை 100 மில்லியில் கரைத்தால் 0.1 மோலார். ஆளுக்கு 10 சொட்டு வைத்தாலும் 40 பேருக்கு 20 மில்லிதான் ஆகும். மீதியைப் பழுப்பு பாட்டிலில் இருட்டில் வையுங்கள்.

இருவர் இருவராகப் பிரித்தால் 20 ஜோடி. ஒரு ஜோடிக்கு ஒரே உப்பு, பட்டாணி அளவு போதும். முதல் பீரியட் எதிரயனிக்கு (குளோரைடு, சல்பேட் போன்றவை), இரண்டாவது நேரயனிக்கு (மெக்னீசியம், துத்தநாகம் போன்றவை). கடைசி 15 நிமிஷம் கழுவவும் எழுதவும் வேண்டும்.

பேரியம் உப்புகள் நச்சு. அந்த டியூப்களைத் தொட்டியில் கவிழ்க்காமல் தனி வாளியில் கொட்டச் சொல்லுங்கள். சில்வர் நைட்ரேட் பட்ட விரல் அப்போது ஒன்றும் காட்டாது, சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். சோப்புக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அம்மாக்கள் வந்து நிற்பார்கள்.