ஒரே சரிவில் நான்கு நாள்: வாசகர் கேள்வி பதில்

ஒயின் ஊர்களுக்குப் பயணம் போவது பற்றி வந்திருந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் கணவரும் நானும் பாரிஸ் போகிறோம். நான்கு நாளை ஒயினுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ஷாம்பெய்ன், பர்கண்டி, போர்தோ மூன்றையும் பார்த்துவிட முடியுமா?
— திருச்சி வாசகி

முடியும், ஆனால் வேண்டாம். மூன்று ஊரிலும் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு, எதை எங்கே குடித்தோம் என்றே நினைவில்லாமல் ஊர் திரும்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நான்கு நாளையும் பர்கண்டிக்கே கொடுங்கள். நான் புதுச்சேரியில் பிறந்து பர்கண்டியின் டிஜோன் நகரில் குடும்பம் நடத்துகிறவள், அந்தப் பாசமும் இதில் இருக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமான காரணம், அங்கே சிவப்பு ஒயின் என்றால் அநேகமாக பினோ நுவார் திராட்சை, வெள்ளை என்றால் அநேகமாக ஷார்டனே. திராட்சை ஒன்றேயாக இருந்து மண் மட்டும் மாறும்போது, புதிதாக வருகிறவருக்கும் வித்தியாசம் நாக்கில் தெரிந்துவிடும்.

பாரிஸில் லியோன் ரயில் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் டிஜோன். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் போன் (Beaune) என்ற நகரம். அங்கே அறை எடுங்கள். 1443-ல் ஏழை நோயாளிகளுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி ஊர் நடுவில் இருக்கிறது. வண்ண ஓடு வேய்ந்த அதன் கூரையைப் பார்க்கவே கூட்டம் வரும். பணம் படைத்தவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்குத் தானமாக எழுதி வைத்த திராட்சைத் தோட்டங்கள் இன்றும் அதன் பெயரில் இருக்கின்றன. அந்த ஒயினை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஏலம் விடுகிறார்கள்.

மறுநாள் காலை சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்புங்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலேயே சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். ஊரைத் தாண்டியதுமே கொடிகள் ஆரம்பித்துவிடும். நம் கம்பம் பக்கத்துப் பந்தல் போலத் தலைக்கு மேல் படர்ந்திருக்காது. இடுப்பு உயரத்துக்குக் கம்பி இழுத்து, வரிசை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 10,000 கொடி. இடது பக்கம் சமவெளி, வலது பக்கம் மெல்ல ஏறும் சரிவு. முதலில் வருவது பொமார் கிராமம், அடுத்த மேட்டில் வோல்னே. இரண்டுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். அதற்கும் அப்பால் வெள்ளை ஒயினுக்குப் பெயர் போன மெர்சோ.

பொமார் மண்ணில் களிமண் அதிகம், இரும்பும் உண்டு. ஒயின் இளசாக இருக்கும்போது ஈறு வரை துவர்க்கும், நாக்கில் கனமாக உட்காரும். வோல்னேயில் சுண்ணாம்பு தூக்கல், மண் மெலிந்தது. அதனால் அந்த ஒயினில் மணம் முந்திக்கொண்டு வரும், துவர்ப்பு மெல்லிசாகப் பின்னால் வரும். எல்லாத் தோட்டத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், தொடங்குவதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது. ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு, இரண்டு கிராமம் என்று கேட்டு இரண்டு கிளாஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் மாறி மாறி முகருங்கள். அப்புறம் குடியுங்கள்.

சிறிய தோட்டக்காரர்களின் நிலவறைக்குப் போக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். ஜூன் நல்ல மாதம்தான். ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் போய்விடுவார்கள், அறுவடை நேரத்தில் பேசவே நேரம் இருக்காது. உள்ளே குளிராக இருக்கும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு ஒயினை உறிஞ்சி, ஆளுக்குக் கொஞ்சம் கிளாஸில் விடுவார்கள். பல இடங்களில் சிவப்பை முதலில் கொடுத்து வெள்ளையைக் கடைசியில் கொடுப்பார்கள். வேறு ஊர்களில் இது தலைகீழ். இங்கே வெள்ளை ஒயினுக்கு இருக்கும் புளிப்பும் அழுத்தமும் சிவப்புக்குப் பின்னாலும் தாக்குப்பிடிக்கும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். மணிக்கணக்கில் பேசியவரிடம் ஒரு பாட்டிலாவது வாங்கிக்கொண்டு கிளம்புவது மரியாதை.

பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். ஒன்றின் ஒயின் 30 யூரோ, இன்னொன்று 300 யூரோ. இது வெறும் பெயருக்குக் கொடுக்கும் காசுதானே?
— கோவை வாசகர்

பாதி உண்மை. மீதிப் பாதியைக் கால்நடையாகப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சரிவின் உச்சியில் மண் மிக மெல்லிசு, குளிரும் அதிகம். அடிவாரத்தில் மண் ஆழம், மழைத் தண்ணீர் தேங்கும், கொடி சொகுசாக வளர்ந்து இலையும் காயுமாகத் தள்ளிவிடும். நடுச்சரிவில்தான் வெயில், வடிகால், சுண்ணாம்பு மூன்றும் ஒத்துவருகின்றன. உயர்ந்த தரமான கிராண்ட் க்ரூ தோட்டங்கள் பெரும்பாலும் அந்த நடு இடுப்பில்தான் இருக்கின்றன. மொத்த பர்கண்டி உற்பத்தியில் அவற்றின் பங்கு 2 சதவீதம்கூட வராது. அவற்றில் ஒன்றான ரொமானே-கோந்தி தோட்டம் முழுக்கவே 2 ஹெக்டேருக்கும் குறைவு. உலகமே போட்டி போட்டு வாங்கும்போது விலை ஏறாமல் என்ன செய்யும்?

நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் க்ளோ து வூஜோ. சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து சேர்த்துச் சேர்த்து மதில் கட்டி வளைத்த தோட்டம், சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் திருச்சபையின் சொத்துகள் பறிமுதலான பிறகும் இது ஒரே கையில்தான் இருந்தது. 1889-ல் பிரித்து விற்றார்கள். இன்று அதே மதிலுக்குள் சுமார் 80 சொந்தக்காரர்கள். வாசலில் நின்று மேலே நடந்து பாருங்கள். மேலே இருக்கும் பழைய மாளிகைப் பக்கம் காலடியில் சரளையும் சுண்ணாம்புக் கல்லும் நெறுநெறுக்கும். திரும்பி நெடுஞ்சாலைப் பக்கம் இறங்கினால், மழை பெய்த மறுநாள் செருப்பில் களிமண் அப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் லேபிளில் ஒரே பெயர், ஒரே கிராண்ட் க்ரூ முத்திரை. துறவிகள் காலத்தில் மேல், நடு, கீழ் என்று எல்லாத் திராட்சையையும் கலக்க முடிந்தது. இப்போது ஆளுக்கு நாலு வரிசை வைத்திருப்பவர் அந்த நாலு வரிசையில் வருவதைத்தான் பாட்டிலில் அடைக்க முடியும். ஆகவே தோட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து 300 யூரோ கொடுக்காதீர்கள். யார் செய்தது என்று பாருங்கள். ஒரு கெட்டிக்காரர் செய்த, கிராமத்தின் பெயரை மட்டும் தாங்கிய சாதாரண ஒயின், அசட்டையாகச் செய்த கிராண்ட் க்ரூவை எளிதில் ஜெயித்துவிடும்.

இயற்கையும் விலையில் கை வைக்கும். 2021 ஏப்ரலில் கொடிகள் துளிர்த்த நேரத்தில் கடும் உறைபனி விழுந்தது. துளிர் கருகாமல் இருக்க இரவெல்லாம் வரிசைக்கு நடுவே பெரிய மெழுகு டப்பாக்களைக் கொளுத்தி வைத்தார்கள். விடியும் முன்பு மலைச்சரிவே எரிவது போல இருந்தது. அப்படிச் செய்தும் பலருக்கு ஷார்டனே விளைச்சல் பெரும்பகுதி போய்விட்டது. அந்த ஆண்டு பாட்டிலைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்த வெளிச்சம்தான் கண்ணில் வரும்.

ருசி பார்க்கும் இடத்தில் மற்றவர்கள் "பிளாக் கரன்ட், சீடர் மரம்" என்கிறார்கள். எனக்குப் புளிப்பும் துவர்ப்பும்தான் தெரிகிறது. எனக்கு நாக்கு இல்லையா?
— மதுரை வாசகர்

புளிப்பும் துவர்ப்பும் தெரிகிறதென்றால் ஒயினின் எலும்பும் தசையும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மீதி மணம்தான். அதற்குப் பார்த்திராத பழங்களின் பெயரை எதற்குக் கடன் வாங்க வேண்டும்? சிரா திராட்சை ஒயினை முகர்ந்தால் மிளகு தெரியும். அது கற்பனை இல்லை, மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளே சிராவிலும் இருக்கிறது. சில ஆண்டுகள் பாட்டிலில் கிடந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை வரும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, அந்தத் திராட்சை முதிரும்போது வருகிற மணம். சோவிஞ்ஞோன் பிளாங்கில் நறுக்கிய குடைமிளகாய். மெர்சோவில் வெண்ணெயும் வறுத்த பாதாமும். வயசான பினோ நுவாரில் எனக்கு வரும் மணம் நனைந்த சருகும் காய்ந்த பன்னீர் ரோஜாவும். உங்கள் நோட்டில் நாவல்பழம் என்றோ நன்னாரி என்றோ எழுதுங்கள். அடுத்த முறை உங்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதும்.

பெரிய நிபுணர் பேச்சைக் கேட்டு மிரளவும் வேண்டாம். போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. பிரெடெரிக் ப்ரோஷே என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் சேர்ந்து 2001-ல் அதை வெளியிட்டார்கள். வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் சொல்வதை மூக்கு நம்பிவிடுகிறது. அதனால் லேபிளையும் விலையையும் பிற்பாடு பாருங்கள்.

வாயில் வைத்த ஒயினைத் துப்பினால் கொடுத்தவரை அவமதித்தது ஆகாதா?
— சேலம் வாசகி

ஆகவே ஆகாது. அதற்கென்றே வாளி வைத்திருக்கிறார்கள், தோட்டக்காரரும் துப்புகிறார். காலையில் எட்டுப் பத்து ஒயின் ருசி பார்க்கும்போது விழுங்கினால் மூன்றாவதுக்கு மேல் மூக்கு வேலை செய்யாது. காரில் போகிறீர்கள் என்றால் கட்டாயம் துப்புங்கள். பிரான்ஸில் ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால்தான் வரம்பு.

ஐரோப்பா எட்டாத தூரம். நாசிக் போனால் பிரயோஜனம் உண்டா?
— திருநெல்வேலி வாசகர்

நிச்சயம் உண்டு, ஆனால் மாதம் பார்த்துப் போங்கள். ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் தூங்கும், செப்டம்பர் வாக்கில் அறுவடை. நாசிக்கில் அப்படித் தூங்க வைக்கும் குளிர் இல்லை. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் ஒரு முறை வெட்டி கொடியைத் திடப்படுத்துகிறார்கள், மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் மறுபடி வெட்டிக் காய்க்க விடுகிறார்கள். பகலில் வெயில், இரவில் குளிர் என்று இருக்கும் மாதங்களில் பழம் முற்றும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. பிப்ரவரியில் போனால் பழம் பறிப்பதிலிருந்து பிழிவது வரை கண்ணால் பார்க்கலாம். மழைக்காலத்தில் போனால் இலையும் கடையும்தான் பார்க்கக் கிடைக்கும். ஷெனின் பிளாங்க், சோவிஞ்ஞோன் பிளாங்க் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ருசி பாருங்கள். நாசிக்கின் வெள்ளை ஒயின்கள் சிவப்பைவிட எனக்குப் பிடிக்கும்.

எங்கள் கம்பத்துப் பன்னீர் திராட்சையில் நல்ல ஒயின் வராதா?
— தேனி வாசகி

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். தெற்குப் பிரான்ஸில் வான்து மலையடிவாரத்திலும் இதே பழம் விளைகிறது, அதற்கும் அங்கே பிறப்பிடச் சான்று உண்டு. அவர்களும் அதைச் சாப்பிடத்தான் விற்கிறார்கள். மணம் அபாரம், ஆனால் நல்ல ஒயினுக்கு வேண்டிய புளிப்பும் செறிவும் குறைவு. பந்தலில் ஏற்றிக் கொத்துக் கொத்தாகக் காய்க்க விட்டால் இன்னும் நீர்த்துப்போகும். காய்ப்பைக் குறைத்து, லேசாக இனிப்பு விட்டு, நுரைக்கும் ஒயினாக யாராவது அக்கறையோடு செய்தால் முதல் ஆளாக வாங்கிக் குடிக்க எனக்கு ஆசை.

நம் காரமான சாப்பாட்டுக்கு ஏற்ற ஒயின் உண்டா?
— காரைக்குடி வாசகர்

ஆல்கஹால் காரத்தைத் தூக்கிக் காட்டும், துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும். ஆகவே செட்டிநாட்டுக் கோழிக்குக் கனமான சிவப்பு ஒயின் வேண்டாம். ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கில், செங்குத்தான கற்பலகைச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங்கில் கபினெட் என்ற வகையைத் தேடுங்கள். ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான், கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு. குளிரவைத்துக் குடித்தால் புளிக்குழம்புக்குக்கூட ஈடு கொடுக்கும். ஒயினின் புளிப்பு குழம்பின் புளிப்பைவிடக் குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும், அதை மட்டும் கவனியுங்கள். வறுத்த வஞ்சிரத்துக்கு பர்கண்டியின் ஷாப்லி என்ற வெள்ளை ஒயின். பர்கண்டி சிவப்பு வேண்டுமென்றால் மிளகு குறைத்த வாத்து வறுவலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?
— சென்னை வாசகர்

தீர்வை இல்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர் வரை, அதாவது இரண்டு பாட்டில். தம்பதியாகப் போனால் நான்கு. கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள், பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே படுக்க வையுங்கள். வந்ததும் திறக்காதீர்கள், ஒரு வாரம் இருளான குளிர்ந்த இடத்தில் கிடக்கட்டும். நான்கு பாட்டில்தான் என்றால் ஊருக்கு ஒன்றாக வாங்க வேண்டாம். பொமார் இரண்டும் வோல்னே இரண்டும் வாங்குங்கள். ஒரு ஜோடியை இந்த ஆண்டு நண்பர்களோடு திறங்கள். இன்னொரு ஜோடி ஐந்து வருஷம் கழித்து.