தொங்கு சட்டமன்றம்: கேளுங்கள், சொல்கிறேன்

சட்டமன்ற நடைமுறை பற்றி மட்டும் கேளுங்கள். அடுத்த முதல்வர் யார் என்று தெரிய வேண்டியவர்கள் கிளி ஜோசியரிடம் போகலாம்.

போடிக்காரர்: எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வராவிட்டால் உடனே மறுதேர்தல்தானா?

இல்லை. 2006-ல் திமுகவுக்கு 234-ல் 96 இடம்தான். காங்கிரஸ் உள்ளிட்ட தோழமைக் கட்சிகளின் ஆதரவில் ஐந்து ஆண்டும் ஓடியது.

தறிக்காரன்: யாருமே யாரோடும் ஒத்துப்போகாவிட்டால்?

நல்ல கேள்வி. பீகார், பிப்ரவரி 2005. மொத்தம் 243 இடம். லாலுவின் ராஷ்ட்ரிய ஜனதா தளம் 75, நிதிஷின் ஐக்கிய ஜனதா தளம் 55, பாஜக 37, ராம்விலாஸ் பாஸ்வானின் லோக் ஜனசக்தி 29. நிதிஷும் பாஜகவும் சேர்ந்தாலே 92தான். வேண்டியதோ 122. பாஸ்வான் லாலு பக்கமும் போகவில்லை, பாஜக பக்கமும் போகவில்லை. முஸ்லிம் ஒருவரை முதல்வராக்குங்கள் என்று நின்றுகொண்டார். மார்ச் 7-ல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஜெயித்தவர்கள் பதவிப் பிரமாணம்கூட எடுக்கவில்லை.

மே மாதம் பாஸ்வானின் ஆட்கள் நிதிஷ் பக்கம் சாய்கிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆளுநர் பூட்டா சிங், குதிரை பேரம் நடக்கிறது என்று டெல்லிக்கு எழுதினார். நள்ளிரவில் மத்திய அமைச்சரவை கூடியது. மாஸ்கோவில் இருந்த குடியரசுத் தலைவர் கலாமுக்கு ஃபேக்ஸ் போனது, கையெழுத்தாகி வந்தது. ஒருநாளும் கூடாத சபை மே 23-ல் கலைந்தது. உச்ச நீதிமன்றம் பிறகு இந்தக் கலைப்பு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. ஆனால் தேர்தல் வேலை தொடங்கிவிட்டதால் பழைய சபைக்கு உயிர் கொடுக்கவில்லை. நவம்பரில் நிதிஷ் கூட்டணிக்கு 143 இடம்.

ஆத்தூர் வாசகர்: மேஜிக் நம்பர் (மொத்த இடத்தில் பாதிக்கு மேல்) இல்லாமல் நம்பிக்கை வாக்கெடுப்பில் எப்படி ஜெயிக்க முடியும்?

டிவி திரையில் ஓடும் அந்த நம்பரை நம்பாதீர்கள். வந்திருந்து ஓட்டுப் போட்டவர்களில் யார் அதிகம் என்பதுதான் கணக்கு. டிவிஷன், அதாவது ஓட்டை எண்ணிப் பார்ப்பது, என்றால் மணி அடித்து, கதவைச் சாத்தி, எழுந்து நிற்கவைத்துத் தலையை எண்ணுவார்கள். கர்நாடகத்தில் ஜூலை 2019-ல் எல்லாரும் 113 என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பலர் சபைக்கே வரவில்லை. குமாரசாமி அரசு 99-க்கு 105 என்று கவிழ்ந்தது.

கணக்குப்பிள்ளை: சமமாக விழுந்தால்?

சபாநாயகர் ஓட்டு. சமமானால் மட்டும்.

சட்டம்_படிக்கிறேன்: தனிப்பெரும் கட்சியைத்தானே ஆளுநர் முதலில் அழைக்க வேண்டும்?

அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. முதல்வரை ஆளுநர் நியமிப்பார் என்று மட்டும்தான் அரசியல் சாசனத்தின் 164-வது பிரிவில் இருக்கிறது. மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் ஒரு வரிசை சொன்னது: தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி, பிறகு மற்றவர்கள் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி, பிறகு தேர்தலுக்குப் பின் கூடியவர்கள். அது பரிந்துரைதான், சட்டமில்லை.

கோவா போனவன்: அப்போ 2017-ல் காங்கிரஸுக்கு நடந்தது அநியாயம் இல்லையா?

கோவாவில் 40-ல் காங்கிரஸ் 17, பாஜக 13. ஆளுநர் அழைத்தது பாஜகவின் பாரிக்கரை. அடுத்த ஆண்டு கர்நாடகத்தில் காங்கிரஸும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்து பெரும்பான்மை காட்டின. ஆளுநர் அழைத்தது 104 வைத்திருந்த தனிப்பெரும் கட்சியான பாஜகவின் எடியூரப்பாவை. நிரூபிக்க 15 நாள் வேறு. உச்ச நீதிமன்றம் மே 19-லேயே வாக்கெடுப்பு என்றது. அவர் வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே விதி எல்லா இடத்திலும் இல்லை என்ற என் கருத்து புரியும்.

சட்டம்_படிக்கிறேன்: இது இந்தக் காலத்து அரசியல். அந்தக் காலத்தில் இப்படி இல்லை.

1952 சென்னை மாகாணம்? 375-ல் காங்கிரஸ் 152. பிரகாசம் தலைமையிலான எதிரணி 166 பேர் இருப்பதாகச் சொன்னது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்தது தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை, மேலவை நியமன உறுப்பினராக்கி. அந்தக் காலமாம்!

புதியவன்: தனிப்பெரும் கட்சியைத்தானே அழைக்க வேண்டும்?

மேலே படியுங்கள்.

வடசென்னை: 118 இல்லாமல் எப்படி ஆட்சி?

மேலே. டிவி நம்பர் பற்றிச் சொன்னேனே, ஐயா.

ஊர்சுற்றி: பெல்ஜியத்தில் 541 நாள் புது அரசு அமையவில்லையாமே?

ஆம், 2010-11-ல். காபந்து அரசு ஓட்டியது. அதற்கு மேல் வெளிநாட்டு விவகாரம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

ஆத்தூர் வாசகர்: எம்எல்ஏக்களை ரிசார்ட்டில் வைப்பது சட்டப்படி சரியா?

விருந்தோம்பலைத் தடுக்கச் சட்டமில்லை. வலுக்கட்டாயமாக அடைத்திருக்கிறார்கள் என்றால் ஆட்கொணர்வு மனு போடலாம். அங்கே என்ன சாப்பாடு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.