அமெரிக்காவில் கறுப்பர் சபையும் வெள்ளையர் சபையும் ஏன் தனித்தனி?

பைபிள் ஒன்றாக இருந்தும் சபையும் ஓட்டும் ஏன் நிறத்தைப் பார்த்துப் பிரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிவு உட்காரும் இடத்தில் தொடங்கியது. பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில், தங்களுக்கு ஒதுக்காத இடத்தில் முழங்கால்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை நடுவிலேயே எழுப்பிவிட்டார்கள். வெளிநடப்புச் செய்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையை அமைத்தார்.

அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில் 1845-இல் தென்னக பாப்டிஸ்ட் மாநாடு என்ற வெள்ளையர் சபைப் பிரிவு பிறந்தது. அடிமைமுறையை ஆதரித்ததற்கு அது மன்னிப்புக் கேட்க 1995 ஆயிற்று. (150 ஆண்டுகள்!)

வலதுசாரிக் கிறிஸ்தவ அரசியல் கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிளம்பியது என்பார்கள். எனக்கு அது பாதிக் கதை. 1971-இல் அதே பாப்டிஸ்ட் மாநாடு, சில சூழல்களில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது. இனப் பாகுபாடு காட்டிய கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிவிலக்கில் அரசு கைவைத்ததே தலைவர்களை உசுப்பியது என்று ராண்டல் பால்மர் போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் அந்த வரிவிலக்குக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1983-இல் தோற்றது. வேறு இனத்தவரைக் காதலிக்க அங்கிருந்த தடை 2000-இல்தான் நீங்கியது.

கறுப்பர் சபைக்கு, எகிப்தில் அடிமைகளாயிருந்தவர்கள் விடுதலை பெற்ற கதையைச் சொல்லும் பைபிளின் யாத்திராகமமே அரசியல் பாடம். அடிமைமுறையை ஆதரித்த போதகர்களோ, அரசதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ எடுத்து, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே ஆதாரம் காட்டியது.