வேற்றுக் கிரகக் கதைக்குத் தெய்வங்களைப் படைக்கப் பழைய புராணம் உதவுமா?

ராமநாதபுரம் கடலோரம் மாதிரியான ஒரு வேற்றுக் கிரகத்தை எழுதுகிறேன், அங்குள்ள தெய்வங்களை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். புராணத்திலிருந்து தாராளமாக எடுக்கலாம்.

சிலர் பெயரையே எடுத்துக்கொள்வார்கள். ரோஜர் ஜெலாஸ்னி 1967இல் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் லைட்' நாவலில், வேறு கிரகத்தில் குடியேறிய மனிதர்கள் தொழில்நுட்ப பலத்தால் எமன், காளி, பிரம்மா என்று தங்களையே தெய்வங்களாக்கிக்கொண்டு மற்றவர்களை ஆள்கிறார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: பெயரை விட்டுவிட்டு வழிபாட்டின் காரணத்தை மட்டும் எடுப்பது.

அதே ராமநாதபுரம் கடலோரத்தில் இருக்கும் தேவிபட்டினத்தையே பாருங்கள். கடலுக்குள் ஒன்பது கற்கள். ராமர் நவக்கிரகங்களுக்காக நட்டவை என்பது ஐதீகம். ஜனங்கள் நவதானியம் போட்டுச் சுற்றி வருகிறார்கள். கோள்களைத் தெய்வமாக்கும் வேலையை நம் முன்னோர் எப்போதோ முடித்துவிட்டார்கள்! உங்கள் கிரகத்துக்கு மூன்று நிலா என்றால் மூன்று கல் நடுங்கள். ஓதம் ஏறும்போது எந்தக் கல் முதலில் முங்குகிறதோ, அந்த நிலாவுக்குத்தான் அன்றைக்குக் கோபம்.

சங்க நூலான பட்டினப்பாலையில் மீனவர்களான பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபடுகிறார்கள். சோறு போடுவதும் உயிரை எடுப்பதும் ஒன்றாகவே இருக்கும் இடத்தில்தான் தெய்வம் பிறக்கிறது.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அப்படி ஊரையே விழுங்கிய கடலுக்கு மறுபடி படகு இறக்குகிறவன் என்ன வேண்டிக்கொள்வான் என்பதை முதலில் எழுதுங்கள். தெய்வங்களின் குடும்ப உறவு, போர்க்கதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.