வீணையை மும்பைக்கு அனுப்பும் முன் ஒரு கணக்கு

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் இருக்கிறேன். அம்மா வாசித்த தஞ்சாவூர் வீணை ஒன்று எட்டு வருடமாக உறையோடு வீட்டில் கிடக்கிறது. ஒரே பலா மரத்தில் குடைந்தது. விற்றுவிட முடிவு செய்துவிட்டோம். மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒருவர் 55,000 ரூபாய்க்குக் கேட்கிறார். 5,000 முன்பணம் போட்டுவிட்டார். வீணை வந்து, வாசித்துப் பார்த்து, பிடித்திருந்தால் மீதியை அனுப்புவதாகச் சொல்கிறார். பெங்களூரிலிருந்து இன்னொருவர் 43,000 ரூபாய் தருவதாகவும், தானே காரில் வந்து எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். மரப்பெட்டி செய்ய ஆசாரி 5,000 கேட்கிறார். பெட்டியோடு 25 கிலோ வரும், கிலோவுக்கு 60 ரூபாய் என்றால் 1,500 ரூபாயில் கூரியர் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். எப்படி அனுப்பினால் பத்திரம்? இன்சூரன்ஸ் போடலாமா? விற்ற பணத்துக்கு வரி உண்டா? இந்த வாரத்துக்குள் 50,000 தேவைப்படுகிறது. என் 12 பவுன் நகையின் மீது வாங்கிய கடனுக்கு ஆறு மாத வட்டி நிற்கிறது, ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. அந்தக் கடன் ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட் வைத்திருக்கும் என் தம்பிக்காக வாங்கியது. போன வருடம் ஸ்கூட்டியையும் அதற்கு முன் பித்தளை அண்டாக்களையும் விற்றுச் சமாளித்தோம்.

பதில்: கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதமே. ஆனாலும் நீங்கள் கேட்டது வீணையைப் பற்றி, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

உங்கள் 1,500 ரூபாய் கணக்கு தவறு. பெரிய பெட்டி என்றால் கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை, டேப்பையும் எடுப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். வீணைக்குப் பெட்டி 145-க்கு 45-க்கு 45 என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 59 கிலோ. கிலோ 60 ரூபாய் என்றால் 3,540, ஜிஎஸ்டி சேர்த்தால் 4,200-ஐ ஒட்டி வரும். ஆசாரிக்கு 5,000. மதிப்பை அறிவித்து அனுப்பினால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, இரண்டு சதவீதம் என்று வைத்தால் 1,100. வண்டி வைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு 500. ஆக 10,800 போய்விடுகிறது. மும்பைக்காரரின் 55,000 உங்கள் கைக்கு வரும்போது 44,200.

பெங்களூர்க்காரர் தருவது 43,000. வித்தியாசம் 1,200 ரூபாய். அந்த 1,200-க்காக என்னென்ன ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள் என்று பாருங்கள்.

தந்தியை அழுத்தி வாசிக்கும் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த அந்தக் கறுப்பு மெழுகு, கோடையில் தகர மேற்கூரை போட்ட ஒரு குடோனிலோ பூட்டிய வேனிலோ இரண்டு நாள் கிடந்தால் இளகும். பெட்டியில் கீறல்கூட இருக்காது, திறந்தால் மெட்டுகள் வரிசை கலைந்து சரிந்திருக்கும். திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிக்கத் தெரிந்தவர் தெருவுக்குத் தெரு இல்லை. வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது யாருக்கும் செய்தியல்ல. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது நல்ல சாக்கு. மெழுகு இளகியது பொருளின் இயல்பு, விபத்து அல்ல என்பார்கள். தண்டி, அதாவது வீணையின் நீண்ட கழுத்து, விரிசல் விட்டால் பேக்கிங் போதாது என்பார்கள். அதையும் மீறினால், 55,000-தான் மதிப்பு என்பதற்கு பில் எங்கே என்பார்கள். அம்மா காலத்து வீணைக்கு பில்லுக்கு எங்கே போவது?

மதிப்பை அறிவிக்காமல் மலிவாக அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லாரி பார்சலில் சட்டப்படி பொறுப்பு, கட்டிய வாடகையைப் போலப் பத்து மடங்கு வரைதான். 900 ரூபாய் வாடகை என்றால் 9,000. வாடகை எவ்வளவு மலிவோ, நஷ்டஈடும் அவ்வளவு மலிவு. காட்பாடி ஜங்ஷனில் ரயில் பார்சலாகப் போட்டால் நஷ்டஈடு கிலோவுக்கு 50 ரூபாய் வரைதான், உங்கள் 25 கிலோவுக்கு 1,250. கூரியர் ரசீதின் பின்பக்கத்தை நான் சொல்லவே வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் நானே ஒரு பழைய ஆர்மோனியத்தை வேலூரிலிருந்து மதுரைக்கு அனுப்பினேன். துருத்தி கிழிந்து, நான்கு கட்டைகள் உள்ளே விழுந்து போய்ச் சேர்ந்தது. மூன்று மாதம் அலைந்து வாங்கிய நஷ்டஈட்டில் எனக்கு அலைந்த பெட்ரோல் செலவுகூடத் தேறவில்லை.

இதைவிடப் பெரிய பொறி அந்த "வாசித்துப் பார்த்துப் பிடித்திருந்தால்" என்ற பேச்சில் இருக்கிறது. சாதாரணமாக, விற்ற பொருளைப் பார்சல் அலுவலகத்தில் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்த மாதிரிதான். 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் பொதுவாக அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பிடித்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று பேசி அனுப்பினால், அவர் சரி என்று சொல்லும் வரை வீணை உங்களுடையது. வழியில் உடைந்தாலும் உங்களுடையதுதான். அவர் 5,000-ஐத் திருப்பிக் கேட்பார். நாதம் சரியில்லை என்று சொல்லிவிட்டால் திரும்பி வரும் செலவு யாருடையது என்று பேசினீர்களா? அவர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. பேச்சு அப்படி அமைந்திருக்கிறது.

வரி கேட்டிருந்தீர்கள். வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வீணையை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகைக்கு அந்தச் சலுகை இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன். இன்னொன்று, குடத்திலும் தண்டியிலும் வெள்ளையாகப் பதித்திருப்பது என்னவென்று வீணை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இப்போதெல்லாம் பிளாஸ்டிக்தான். பழைய வீணைகளில் தந்தமும் மான் கொம்பும் உண்டு. தந்தம் என்றால் மும்பை என்ன, பக்கத்து வீட்டுக்குக்கூட விற்க முடியாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு மும்பை ஏன் உங்களை இழுக்கிறது? 50,000 வேண்டும் என்பதால். அந்த 50,000-ஐப் பிரித்துப் பாருங்கள். மூன்று லட்சத்துக்கு ஒன்றரை வட்டி, மாதம் 4,500 என்று கடிதத்தோடு அனுப்பிய தாளில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு 27,000. மீதி 23,000 எதற்கு? தாளின் ஓரத்தில் பென்சிலில் "தம்பி - தோல்" என்று இருக்கிறது. ஏலத்தை நிறுத்த 27,000 போதும், அதற்குப் பெங்களூர்ப் பணமே தாராளம். வீணையை லாரி ஏற்றத் துணிவது ஏலத்துக்குப் பயந்து அல்ல, தம்பியின் தோலுக்காக.

அந்தத் தாளில் இருப்பதையே கூட்டிப் பார்த்தேன். கடன் வாங்கி மூன்றரை வருடம். கட்டிய வட்டி 36 மாதம், 1,62,000 ரூபாய். அதில் தம்பி கட்டியது 11 மாதம். நீங்கள் கட்டியது 25 மாதம், 1,12,500. அசல் அன்றைக்கு மூன்று லட்சம், இன்றைக்கும் மூன்று லட்சம். அண்டாக்கள் 9,500-க்குப் போயின, இரண்டு மாத வட்டி. ஸ்கூட்டி 18,000, நான்கு மாத வட்டி. இப்போது அம்மாவின் வீணை ஆறு மாத வட்டியாகப் போகிறது. அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன விற்கப் போகிறீர்கள்? கடன் வாங்கியது தப்பு என்று சொல்ல வரவில்லை, கூடப்பிறந்தவனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது. வீட்டுச் சாமானை விற்று வட்டி கட்டும் இந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது. விற்ற பொருளும் போய், கடனும் அப்படியே நிற்கிறது.

தம்பி இன்னொரு யோசனையும் சொல்லியிருக்கிறார். தங்கம் விலை ஏறிவிட்டது, அதே நகைக்கு இன்னும் இரண்டு லட்சம் கூடத் தருவார்கள், செயலியில் தட்டினால் ஆள் வீட்டுக்கே வந்து எடை போடுவார் என்று. இந்த டாப்-அப் விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. தங்கம் ஏறியது உங்கள் லாபம். அதை இன்னொரு கடனாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டு, அதற்கும் வட்டி வாங்கும் ஏற்பாடு அது. ஐந்து லட்சத்துக்கு ஒன்றரை வட்டி மாதம் 7,500. இப்போதைய 4,500-க்கே ஸ்கூட்டி போயிற்று.

விலை ஏற்றத்தை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். மகளின் காலேஜ் ஃபீஸுக்காக ஒரு லட்சம் டெபாசிட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஆறரை சதவீதம் சம்பாதிக்கிறது, கடன் பதினெட்டு சதவீதம் தின்கிறது. முதலில் பெங்களூர்ப் பணத்தில் 27,000 வட்டியைக் கட்டி ரசீது வாங்குங்கள். பிறகு டெபாசிட்டை உடைத்து ஒரு லட்சத்தை அசலில் கட்டி, நான்கு பவுன் அளவுக்கு ஒரு நகையை மட்டும் விடுவிக்கச் சொல்லுங்கள். மீதி எட்டு பவுன் இரண்டு லட்சத்துக்குப் போதும் போதும் என்ற ஈடு, அவர்கள் மறுக்கக் காரணமில்லை. தனியாக விடுவிக்க மாட்டோம் என்றால், கணக்கை வங்கிக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

அந்த நான்கு பவுனை விற்றுவிடுங்கள். நான் எழுதும் விலை நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும், அதனால் குறைத்தே போடுகிறேன். பவுன் 80,000 என்றால் 3,20,000, சேதாரம் அது இது என்று கழித்து 3,10,000. இரண்டு லட்சத்தைக் கட்டிக் கடனை மூடுங்கள். எட்டு பவுன் வீட்டுக்கு வரும். ஒரு லட்சத்தை மறுபடி டெபாசிட்டில் போடுங்கள். கையில் ஒரு பத்தாயிரம், வீணைப் பணத்தில் 16,000. மாதம் 4,500 என்ற பேச்சே இனி இல்லை. விற்ற நகைக்கு நீண்டகால மூலதன ஆதாயம் கணக்கில் வரும், ஆனால் உங்களுக்கு வேறு வருமானம் பெரிதாக இல்லாததால் வரி வராமலே போகலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளுக்கு வைத்த நகை என்பீர்கள். தெரியும். ஏலத்தில் பன்னிரண்டும் போவதைவிட நான்கு போகட்டும். தம்பியிடம் பணமாகக் கேட்காதீர்கள், "நீ எனக்கு நான்கு பவுன் தர வேண்டும்" என்று பவுனாகவே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "அக்கா, இந்த ஒரு தடவை" என்று தோலுக்குக் கேட்டால், அந்த நோட்டை எடுத்து மேஜை மேல் வையுங்கள். அந்த யூனிட் நடக்கிறதா இல்லையா என்பது, அக்கா பணம் இல்லாமல் மூன்று மாதம் ஓடினால் அவருக்கே தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தால் வீணையை விற்காமலேகூட இருக்கலாம். 27,000-ஐ வேறு எங்காவது ஒரு வாரத்துக்குப் புரட்டினால் போதும், நகை விற்ற பணத்தில் அதையும் ஏறக்குறைய அடைத்துவிடலாம், டெபாசிட்டில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அது உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிட மாட்டேன்.

விற்பதாகவே இருந்தால், மும்பைக்காரரின் 5,000-ஐ இன்றே திருப்பிப் போட்டுவிடுங்கள். பெங்களூர்க்காரர் வந்ததும் அரை மணி நேரம் வாசிக்க விடுங்கள், முழுப் பணமும் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு உறையைக் கட்டுங்கள். சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றிக் கொடுங்கள். தந்திகளைத் தளர்த்துங்கள், ஒரேயடியாக அவிழ்த்துவிட்டால் தந்திகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்துவிடும். டிக்கியில் வைக்க வேண்டாம், பின் சீட்டில் பழைய மெத்தையை விரித்துக் கிடத்தச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கே வந்துவிடச் சொல்லுங்கள். நண்பகல் வெயிலில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் அந்த மெழுகு நிற்க வேண்டாம்.